சத்து என்று எழுதிய டப்பா

ஆகஸ்ட் 4, திங்கள்

பித்தப்பையில் கல்லாம். ஒன்றிரண்டு இல்லை, எண்ண முடியாத அளவுக்கு. ஸ்கேன் எடுத்த பெண் "மணல் கணக்கா கெடக்குதும்மா" என்றாள். அறுபத்து மூன்று வருடத்தில் நான் சேர்த்து வைத்த சொத்து அதுதான் போலிருக்கிறது.

தேதி குறித்தாகிவிட்டது. பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை. அதற்கு முன் பதினாறாம் தேதி மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால்தான் ஆபரேஷன். தள்ளிப் போட்டால் கல் குழாயில் போய் அடைத்துக்கொள்ளலாம், அப்புறம் சின்ன ஆபரேஷன் பெரிய ஆபரேஷன் ஆகிவிடும் என்று சர்ஜன் சொன்னார். போன மாதம் வந்த வலியை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. இன்னொரு தடவை அதைத் தாங்க மாட்டேன்.

நர்ஸ் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தாள். தினமும் என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எதை நிறுத்தினேன் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். "பிரஷர் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் வழக்கம்போலப் போடுங்க. சத்து மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, லேகியம், பொடி எல்லாத்தையும் இன்னையோட நிறுத்திருங்க. சிலது ரத்தத்த உறைய விடாது, சிலது மயக்க மருந்துக்கு ஆகாது" என்றாள். எனக்குச் சொன்னதற்கு என்னைவிட அதிகமாகத் தலையாட்டியது இசக்கிதான். என் தம்பி பாண்டியின் மனைவி. அம்மா இருந்தவரை இது அம்மா வீடு. இப்போது தம்பி வீடு, அதாவது இசக்கி வீடு.

வீட்டுக்கு வந்ததும் என் அறையில் சோதனை நடந்தது. கால்சியம், மீன் எண்ணெய், தேனில் ஊறிய பூண்டு, எதிர்வீட்டம்மா கொடுத்த அமுக்கராப் பொடி, ஒன்று பாக்கியில்லை.

"என்ன மதினி, ஒரு மெடிக்கல் ஸ்டோரே வச்சிருக்கீக?"

கடைசியாக அலமாரி மூலையில் இருந்த வெள்ளை டப்பாவை எடுத்துக் குலுக்கினாள்.

"இது என்னது?"

"சத்து மாத்திர" என்றேன். டப்பா மேலேயே "சத்து" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. வேறென்ன சொல்ல முடியும்?

"அது மட்டும் இருக்கட்டுமே இசக்கி."

"நல்லாருக்கே! சத்து மாத்திரன்னு அந்த நர்ஸம்மா மொத ஆளா அதத்தான சொன்னாக."

எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தாளில் எழுதியது: காலை 6.00 தைராய்டு. 8.10 பிரஷர். நிறுத்தியவை: சத்து மாத்திரைகள் அனைத்தும்.

கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் கை பழைய கை ஆகிவிடுகிறது. மில்லில் டைம் ஆபீசில் இருபத்தாறு வருடம் வருகைப் பதிவேடு பார்த்தவள் நான். ஒருத்தன் வருகைக் கார்டை இன்னொருத்தன் அடித்தால் அந்தக் கார்டைத் தொட்டே சொல்லிவிடுவேன் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையில் கார்டைப் பார்க்கவே மாட்டேன். கொடுப்பவன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

இசக்கிக்குக் குங்குமம் தீரப்போகிறதாம். "ஆபரேஷன் முடிஞ்சு தெம்பானதும் மதுரைக்குப் போவீகள்ல? மீனாட்சி குங்குமம் வச்சாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது நல்லா போகுது" என்றாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் மதுரைக்குப் போய்வருவது வழக்கம். என் பக்தியைப் பற்றித் தெருவில் நல்ல பெயர்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுந்ததும் தலை சுற்றியது. நடக்கும்போது திரும்பிப் பார்த்தால் தலைக்குள் ஒரு சொடுக்கு. ஸ்விட்சைப் பாதி போட்டு எடுத்ததுபோல. வெயில்தான்.

தாளில் "பிற தொந்தரவுகள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. "இல்லை" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டிவியில் ஒரு சோப்பு விளம்பரம். ஒரு பிள்ளை சேற்றில் விழுந்து அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். நான் அழுதேன். விளம்பரம் முடிந்து சமையல் நிகழ்ச்சி வந்த பிறகும் அழுதேன். கத்திரிக்காயைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். இசக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஆபரேஷன்னா பயந்தான் மதினி. கேமராவ உள்ள விட்டு எடுத்துருவாகளாம். ஒண்ணும் தெரியாதாம்."

பயம்தான் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

கௌசல்யா சென்னையிலிருந்து பேசினாள். பாண்டியின் ஒரே மகள். அவளுக்கு மறுபடி வரன் பார்க்கிறார்கள். பாண்டி ஜாதகக் கட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நல்ல இடம் வந்து தட்டிப்போனது ஞாபகம் வந்தது. பையன் தங்கமானவன். அவனுடைய அம்மா ஏதோ மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். "குடும்பத்துல பைத்தியம் ஓடுதுக்கா, எப்படிப் பொண்ணக் குடுக்க?" என்று பாண்டி என்னைத்தான் கேட்டான். "பாத்துத்தான் செய்யணும் பாண்டி" என்று சொன்னேன். கௌசல்யா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மார்க்கெட் ரோட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாண்டியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

"வாங்கக்கா, என்ன வேணும்?"

பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். வாயைத் திறந்தேன். "தொண்டைக்கு மிட்டாய்" என்றேன்.

மிட்டாயைச் சப்பிக்கொண்டே வீடு வந்தேன். இஞ்சி நெடி ஜாஸ்தி.

ஆகஸ்ட் 11, திங்கள்

பால்காரர் மணியடித்தபோது விழித்துத்தான் இருந்தேன். நேற்றும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரசத்தில் உப்பில்லை என்று தம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டேன். நான். சௌந்தரம். மில்லில் யூனியன்காரர்கள் மேஜையைத் தட்டியபோதுகூடக் குரலை உயர்த்தாதவள்.

தம்ளர் அடுப்படிச் சுவரில் பட்டு உருண்டு இசக்கியின் காலடியில் போய் நின்றது. பாண்டி சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவனுக்கு எப்போதும் அப்படித்தான், வீட்டில் எது உடைந்தாலும் தட்டில் பருப்பு இருக்க வேண்டும். இசக்கி தம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். "பத்தியச் சாப்பாடு, நாக்கு செத்துப்போச்சு, அவுகளும் என்ன செய்வாக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் திருப்பிக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று பேர் இருக்கிற வீட்டில் எனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. அதைச் சொல்லாதவள் நான்தான், தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய் மதுரைக்குப் போன் போட்டேன். டாக்டர் இல்லை, கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண்தான் எடுத்தாள்.

"எந்த பேஷண்ட்டுங்க? பேர் சொல்லுங்க."

பக்கத்து மாடியில் வத்தல் கிளறிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. இதிலேயே சத்து மாத்திரை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன் பார், எனக்கே சிரிப்பு வருகிறது.

சரி, எழுதுகிறேன். அது சத்து மாத்திரை இல்லை.

அம்மா இறந்துபோன வருடம் நான் மூன்று மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. பல் தேய்ப்பதற்கு அரை நாள் யோசிப்பேன். உடம்புச் சடைவு என்றார்கள், வயசு என்றார்கள், திருநீறு போட்டார்கள். ஒரு நாள் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினேன். உண்மையில் எங்கே போவதற்காக ஏறினேன் என்பதை இங்கேகூட எழுத மாட்டேன். பஸ் ஜன்னல் வழியாக அந்த போர்டைப் பார்த்தேன். "மனநல மருத்துவர்" என்று பச்சை எழுத்து. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே கிளினிக். ஜெராக்ஸ் எடுக்கப் போகிறவள் மாதிரி உள்ளே போய்ப் படியேறினேன்.

காலையில் ஒரு மாத்திரை. ஆறு வாரத்தில் பல் தேய்ப்பது மறுபடி சாதாரண வேலையாகிவிட்டது.

மருந்து கிளினிக்கிலேயே கிடைக்கும். திரும்பும் பஸ்ஸில் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி டப்பாவில் போடுவேன். சாத்தூர் தாண்டுவதற்குள் முடித்து, காலி அட்டையை ஜன்னல் வழியே போட்டுவிடுவேன். ஏழு வருடம். இரண்டு வருடத்துக்கு முன் பாண்டி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டானே, அன்று காலை எட்டு மணிக்கும் ஒன்று போட்டிருந்தேன்.

எட்டு மணி ஆனதும் இன்றும் கை அலமாரி மூலைக்குப் போகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருமுனையில் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். நாளை மயக்க மருந்து டாக்டர். தாள் நிரம்பிவிட்டது. எல்லா நாளும் "பிற தொந்தரவுகள்: இல்லை". இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு சுத்தமான பொய்க் கணக்கை எந்தத் தொழிலாளியும் என் மேஜைக்குக் கொண்டுவந்ததில்லை.

ஆகஸ்ட் 16, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண். கௌசல்யா வயதுதான் இருக்கும். பிரஷர் பார்த்தாள். நூற்று எழுபது. இன்னொரு தடவை பார்த்தாள். நாடித் துடிப்பை எண்ணினாள். என் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தாள்.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"

"சீட்டப் பாருங்க டாக்டர், ஒரு நாள் தப்பல. நாந்தான் பக்கத்துலயே நிக்கேன்" என்றாள் இசக்கி. நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "சத்து மாத்திர எல்லாத்தையும் அன்னைக்கே பூட்டி வச்சுட்டேன். சாப்பிடுற மருந்து அம்புட்டையும் கொண்டாரச் சொன்னீகள்ல, அதையும் சேத்தே கொண்டாந்துட்டேன்." துணிப்பையை மேஜையில் கவிழ்த்தாள்.

டாக்டர் ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்துத் தள்ளி வைத்தாள். வெள்ளை டப்பா வந்ததும் நிறுத்தினாள். திறந்து உள்ளங்கையில் கொட்டினாள். ஒன்பது மாத்திரைகள் இருந்தன.

"இதுக்கு அட்டை எங்க?"

"அட்ட இல்லங்க, மதினி டப்பாவுலதான் வச்சிருப்பாக."

"இது என்ன சத்து?"

"இரும்புச் சத்தா இருக்கும்" என்றாள் இசக்கி, எனக்கு உதவுகிறாளாம்.

"பேர் தெரியாத மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நான் மயக்கம் குடுக்க முடியாதும்மா" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் அந்தப் பெண். கார்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தரையைப் பார்த்தேன். பொய்யாகக் கார்டு அடித்தவர்கள் எல்லாரும் ஏன் தரையையே பார்த்தார்கள் என்று இன்று தெரிந்தது. பார்ப்பதற்கு வேறு இடமே கிடைப்பதில்லை.

டாக்டர் இசக்கியிடம் திரும்பினாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. அஞ்சு நிமிஷம்."

இசக்கி முகம் சுருங்கி எழுந்தாள். அவள் போயிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாகப் போயிருக்கும். ஆனால் திரும்பப் போய் அதே அறையில், அதே டப்பாவோடு, அதே பொய்யைச் சொல்லிக்கொண்டு தனியாக உட்கார வேண்டும். பன்னிரண்டு நாளில் எனக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது.

"இவ இருக்கட்டும்" என்றேன்.

பிறகு சொன்னேன். "மனசுக்குப் போடுற மாத்திர டாக்டர். ஏழு வருஷமா. மதுரையில பாக்கறேன்."

டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் திரும்பப் போட்டாள்.

"இதை யாரும்மா நிறுத்தச் சொன்னது? ஆபரேஷனுக்காக இதைத் திடீர்னு நிறுத்தவே கூடாதே."

"நீங்கதான். சத்து மாத்திரைய நிறுத்தச் சொன்னீங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். தலைச் சொடுக்கு, அழுகை, தூக்கமின்மை எல்லாம் மாத்திரையைச் சட்டென்று விட்டதால் வருவதாம். அவளே மதுரை டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினாள். இன்றே மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள். அங்கேயே ஒன்று போட்டேன். பிரஷர் அடங்க வேண்டும். ஆபரேஷன் செப்டம்பர் ஒன்பதுக்குத் தள்ளிப்போய்விட்டது. அதுவரை எண்ணெய், நெய் கூடாது, வலி வந்தால் உடனே ஓடி வர வேண்டும்.

ஆட்டோவில் திரும்பினோம். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டி நின்றது. கூட்ஸ் ரயில் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அது முடியும் நேரத்தில் கேட்டாள்.

"அப்ப அந்தக் குங்குமம்?"

"பஸ் ஸ்டாண்டுல வாங்குனது."

அவள் கை நெற்றிக்குப் போனது. தொடவில்லை. அப்படியே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டப்பா என் அறை வாசலில் இருந்தது. எடுத்து ஒன்று போட்டேன். இசக்கி என்னோடு பேசவில்லை. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றும் ஸ்டிக்கர் பொட்டு.

ஏழு வருடம் தினமும் குளித்துவிட்டுக் கிழக்கே பார்த்துக் கண்ணை மூடி அவள் வைத்துக்கொண்டதை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாத்திரைக்காக இல்லை, அந்தப் பொட்டலங்களுக்காக.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று என் வயிற்றில் கல் இல்லாமல் இருந்திருக்க வேண்டிய நாள். இருக்கிறது. காலையில் வலது விலாவுக்குக் கீழே லேசாக இழுத்தது. பயந்து வெந்நீர் குடித்தேன். அடங்கிவிட்டது.

பாண்டி இப்போதுதான் கேட்டான், ஏன் தள்ளிப்போட்டார்கள் என்று. நான் பதில் தேடுவதற்குள் இசக்கி அடுப்படியிலிருந்து "பிரஷரு" என்றாள். எனக்காகச் சொன்னாளா, கௌசல்யாவின் வரனுக்காகச் சொன்னாளா தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. தலைச் சொடுக்கு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மூன்று மாத்திரை பாக்கி. சனிக்கிழமை மதுரைக்குப் போயாக வேண்டும். எந்தக் காரணம் சொல்லிப் போவது என்று யோசித்தேன். கோவில் என்று இனிமேல் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை எட்டு மணி. பாண்டி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். இசக்கி ஒரு கையில் தண்ணீர்த் தம்ளரும் மறு கையில் வெள்ளை டப்பாவுமாக வந்து நின்றாள். ஆறு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"மதினி, மாத்திர."

பாண்டி பேப்பருக்கு மேலாகப் பார்த்தான். "என்ன, சத்து மாத்திர மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

நான் தம்ளரை வாங்கினேன்.

"சத்து மாத்திர இல்ல" என்றாள் இசக்கி. "மனசுக்குச் சாப்பிடுதாக. அத்த செத்ததுலருந்து. நாம ரெண்டு பேரும் இதே வீட்டுலதான் இருந்தோம்."

பாண்டி என்னைப் பார்த்தான். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவன் பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டு வெளியே போய் ஸ்கூட்டரை எடுத்தான். சத்தம் தெருமுனை வரை கேட்டது. என்ன நினைத்துக்கொண்டு போகிறான், கௌசல்யா விஷயத்தில் என்ன செய்வான், எனக்குத் தெரியாது. சாயங்காலம் வந்து ஏதாவது சொல்வான். சொல்லாமலும் இருப்பான்.

மாத்திரையைப் போட்டு முழுத் தம்ளரையும் குடித்தேன். இசக்கி தம்ளரை வாங்கிக்கொள்ள நின்றவள் நகரவில்லை.

"ஏழு வருசமும் ஒத்தையிலயா மதினி போயிட்டு வந்தீக?"

தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். இந்த அழுகைக்கு மாத்திரை காரணமில்லை.

"நாளைக்கு ஆறரை பஸ்சுக்கு நானும் வாரேன். மொதல்ல ஆஸ்பத்திரி." டப்பா மேலிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "பெறகு கோயில். குங்குமத்த இந்தத் தடவ உள்ள போயி வாங்குவோம்."